கடைசி வீட்டுத் தண்ணீரும் பன்னிரண்டு சோதனையாளர்களும்

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பதினேழு வீடுகள். எங்களுடையது பதினேழாவது. அதற்கு அப்பால் ஒரு நூற்பாலையின் பின்சுவர். நகராட்சியின் நல்ல தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரில் முட்டி முடிகிறது. தெருமுனையில் நுழையும் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வர வேண்டுமானால் பதினாறு வீடுகளைத் தாண்ட வேண்டும். அவற்றில் பதினான்கில் மோட்டார் உண்டு. எங்கள் வீட்டில் கிடையாது. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது என்பது விதி. தெருவில் அந்த விதியைப் படித்தவன் நான் ஒருவன். அதனால் கடைப்பிடிப்பவனும் நான் ஒருவன். வாசலில் மூன்று படி ஆழத்துக்குக் குழி தோண்டிக் குழாயை அதற்குள் இறக்கியிருக்கிறோம். என் மனைவி குழிக்குள் நின்று குடத்தை நிறைத்து மேலே நீட்டுவாள்; நான் வாங்கி உள்ளே கொண்டுபோவேன். வழக்கமாகப் பதினெட்டுக் குடம் வரும். நான் எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவது என் தொழில். காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவன். சிறிய பூதக்கண்ணாடியைத் துணிமேல் வைத்து, அந்தச் சதுரத்துக்குள் நீளவாட்டில் எத்தனை இழை, குறுக்குவாட்டில் எத்தனை இழை என்று எண்ண வேண்டும். குறைந்தால் அந்தச் சுருளைத் தள்ளிவைக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதாகியும் முதலாளி என்னை விடவில்லை. காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை போய்வருகிறேன். மீதி நேரத்தில் செயலி எழுதுகிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கண்ணில் புரை எடுத்ததில் தொடங்கியது. புது லென்ஸ் வைத்தபின் உலகத்தில் இவ்வளவு பொடி எழுத்து இருப்பது எனக்குத் தெரியவந்தது. அத்தனையையும் படித்தேன். மருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை, மின்வாரிய அட்டையின் பின்பக்கம் என்று எல்லாம் முடிந்தபின், செயலி எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடங்களைக் கணினியில் படிக்க ஆரம்பித்தேன். ஒரு அரைப்புள்ளி விடுபட்டால் முழுச் செயலியும் ஓடாது என்று அதில் போட்டிருந்தது. இத்தனை வருடம் ஒரு இழை குறைந்ததற்காகச் சுருளைத் தள்ளிவைத்து எல்லாரிடமும் திட்டு வாங்கிய எனக்கு, கடைசியில் நியாயமான ஓர் இடம் கிடைத்ததுபோல் இருந்தது.

முதல் செயலி மாடிப்படி எண்ணுவது. இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துவைப்பது. இரண்டும் நன்றாக ஓடின, என் போனில் மட்டும். ஊருக்கு வெளியிட முடியவில்லை. காரணம் ஒரு நிபந்தனை. செயலிக் கடையில் புதிதாகப் பதிகிற தனிமனிதர், முதலில் பன்னிரண்டு பேரைச் சோதனையாளர்களாகச் சேர்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து பதினான்கு நாள் விலகாமல் இருக்க வேண்டும். ஒருவர் விலகிப் பதினொன்று ஆனால், இன்னொருவரைப் பிடித்துச் சேர்த்துப் பதினான்கு நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மாடிப்படி எண்ணுவதற்கு எனக்கு நான்கு பேர்தான் கிடைத்தார்கள். அதில் ஒருவருக்கு வீட்டில் மாடியே இல்லை, மரியாதைக்குச் சேர்ந்தவர்.

மூன்றாவதாக எழுதியதுதான் ‘நல்ல தண்ணி’. நகராட்சித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும், சிலசமயம் நான்கு. காலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எப்போது என்பது குழாய்க்கே தெரியாது. என் செயலியில் ஒரே ஒரு பொத்தான். தண்ணீரை முதலில் பார்க்கிறவர் அதை அமுக்கினால், தெருவில் எல்லார் போனிலும் மணி அடிக்கும். பொத்தானில் ‘நீர் வழங்கல் தொடங்கிற்று’ என்று எழுதியிருந்தேன். மனைவி பார்த்தாள்.

“இத வாசிச்சு முடிக்கங்குள்ள தண்ணி நின்னுபோகும். ‘வந்துருச்சு’ன்னு போடுங்க.”

போட்டேன். அதன்பிறகு தெருவில் இறங்கி ஆள் சேர்த்தேன். சேர ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும். யாருக்கும் தன் முகவரி தெரியவில்லை. போன் வாங்கிய கடையில் போட்டுக்கொடுத்தது. ஐந்து பெண்களின் முகவரி அந்தப் போன் கடையின் பெயரிலேயே, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு இருந்தது. ஒன்பதாவது வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே முகவரி. வேறு எதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஆனால் கணக்கில் இருவரும் ஒரு ஆள்தான். எட்டு நாள் அலைந்து பதினொரு வீட்டில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். மீதி ஐந்து வீட்டில் பொத்தான் போன்தான். பன்னிரண்டாவது ஆளாக என் மனைவியைச் சேர்த்தேன். உபரியாக ஒருவர்கூட இல்லை. நான் எழுதியவன், என்னைச் சேர்க்க முடியாது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, முதல் வீட்டுத் தேவதானத்தம்மா பொத்தானை அமுக்கினார். தேவதானத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். அவர் வாசலில்தான் தண்ணீர் முதலில் தெரியும். எல்லார் போனும் அடித்தது. மணி ஓசைக்குப் பதில் பித்தளைக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

ஆறாவது வீட்டு பாய் நேரே என்னிடம் வந்தார். பஜாரில் ஃபேன்சி கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“அண்ணாச்சி, ஆப் நல்லாத்தான் இருக்கு. சத்தத்த மட்டும் மாத்தணும். எனக்கு சுகர் இருக்கு. அந்தச் சத்தம் கேட்டா மோட்டார் போடப் போகாம பாத்ரூமுக்குல்ல போறேன்.”

அன்று மாலையே சாதாரண மணிக்கு மாற்றினேன். ஆனால் அன்று காலை தெரு முழுக்கப் பாராட்டுத்தான். மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், குளித்துக்கொண்டிருந்தவர், பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவர் எல்லாரும் சரியான நேரத்துக்கு மோட்டார் போட்டார்களாம். நான் மகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தால், மனைவி குழிக்குள்ளிருந்து ஏறி வந்தாள்.

“ஆறு கொடந்தான்.”

ஐந்தாம் நாள் ஒன்றரைக் குடம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாள் எங்களுக்குப் பதினெட்டுக் குடம் வந்ததற்குக் காரணம் நகராட்சி அல்ல. தண்ணீர் வந்த செய்தி தெருவில் மெதுவாக நடந்து வந்ததுதான் காரணம். முதல் வீட்டார் சத்தம் போட்டு, மூன்றாம் வீட்டார் காதில் விழுந்து, ஐந்தாம் வீட்டார் தூங்கி, எட்டாம் வீட்டார் வேலைக்குப் போயிருந்து, இப்படி ஆளுக்கொரு நேரம் மோட்டார் போட்டதால் இடையிடையே எங்களுக்கு ஒழுகி வந்தது. மற்றவர்களின் அறியாமைதான் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர். அதை நான் செயலி எழுதிப் போக்கிவிட்டேன். இப்போது எல்லா மோட்டாரும் ஒரே நிமிடத்தில் ஓடுகிறது.

மனைவியிடம் இதை விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

“அப்ப நீங்கதான் தண்ணிய நிறுத்துனது.”

“நான் நிறுத்தலை. சமமாகப் பங்கிட்டிருக்கிறேன்.”

“சமமா பங்கிட்டதுல எனக்கு ஒன்றர கொடம். நான் இதுலருந்து வெலகிக்கிறேன். எங்க அமுக்கணும், சொல்லுங்க.”

“விலகாதே! பன்னிரண்டு பேர் வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான்.”

“ஒம்பது நாளைக்கு எத வச்சுச் சோறாக்க? ஒங்க பொத்தான வச்சா?”

ஆறாம் நாள் அவள் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். கோபத்தில் போனில் எதையாவது அமுக்கிவிடுவாளோ என்ற பயத்தில் நானும் கூடவே போனேன். தேரடிக்கு அடுத்த தெருவில் வீடு. கொழுந்தியாள் கேன்களைப் பார்த்துவிட்டு, “என்ன அத்தான், இந்த ஊருக்கு வாரவுக பால்கோவால்ல வாங்கிட்டுப் போவாக” என்றாள். அவள் வீட்டுக் குழாயில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் வந்தது. என் மனைவி அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஆளுக்கொரு கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டோம். நடத்துநருக்குப் பொறுக்கவில்லை.

“யக்கா, கேன்ல என்ன, எண்ணெயா?”

“தண்ணி.”

“ராஜபாளையத்துல தண்ணி இல்லையாக்கா?”

“இருக்கு. எங்க வீட்டுக்காரரு தண்ணிக்கு ஆப் போட்டிருக்காரு. அதான்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பஸ் பதினோரு நிமிடம் தாமதம்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் யோசித்தேன். செயலியை நிறுத்தினால் பன்னிரண்டு பேரும் கலைந்துவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் பன்னிரண்டாவது ஆள் விலகிவிடுவாள். மறுபடி இப்படிப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க என் ஆயுளில் நேரம் இருக்கிறதா என்று கூடக் கணக்குப் போட்டேன். எட்டாம் நாள் மாலை உட்கார்ந்து மூன்று வரி சேர்த்தேன். தேவதானத்தம்மா பொத்தானை அமுக்கியதும் மணி முதலில் பதினேழாவது வீட்டுக்கு மட்டும் போகும். இருபது நிமிடம் கழித்து மற்றவர்களுக்குப் போகும். அவ்வளவுதான். புதிய பதிப்பை அனுப்பும்போது ‘என்ன மாற்றம்?’ என்று ஒரு கட்டம் கேட்கும். ‘சிறு திருத்தங்கள்’ என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பதினைந்து குடம் வந்தது. மனைவி குழிக்குள் நின்று பாடாத குறை.

“இன்னைக்கு என்ன, பாயுது! ஆறா வருதே!”

நான் குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனேன். அன்று கம்பெனியில் ஒரே துணியை நான்கு தடவை எண்ணினேன். நான்கு தடவையும் வேறு வேறு எண் வந்தது. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஒரு இழை குறைந்த சுருளைக் கையில் எடுத்து, தள்ளிவைக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு தள்ளித்தான் வைத்தேன். நான் தப்பு செய்தேன் என்பதற்காகக் குறைந்த இழை கூடிவிடாதே.

பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொண்டேன்.

அன்று காலை பாய் கடைக்குப் புறப்பட்டவர், முதல் வீட்டு வாசலில் நின்று தேவதானத்தம்மாவுடன் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் வந்தது. அவர் கண்முன்னால் அந்தம்மா பொத்தானை அமுக்கியிருக்கிறார். பாய் சட்டைப்பையில் இருந்த போன் அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தார், தட்டினார், காதில் வைத்தார். அதே நேரம் தெருக்கோடியில் என் மனைவி இடுப்பில் குடத்தோடு குழிக்குள் இறங்குவது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. பாய் கடைக்குப் போகவில்லை. அங்கேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றிருக்கிறார். நான்கூட அவ்வளவு பொறுமையாக எண்ணியிருக்க மாட்டேன். பிறகு போன் அடித்தது. இருவரும் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

“அண்ணாச்சி, எம்போன் செவிடா?” என்றார் பாய்.

நான் பொய் சொல்லத் தெரியாதவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நேரில் கேட்டால் வராது. மூன்று வரி, இருபது நிமிடம், சிறு திருத்தங்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவி குழிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த குடம் நிறைந்து வழிந்தது.

“அப்ப அன்னைக்கு நான் பிடிச்ச பதினஞ்சு கொடம்? திருட்டுத் தண்ணியா?” என்றாள். “அதுலல்ல பாய் வீட்டுப் பிள்ளைக்கு நான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்!”

“அக்கா, நீங்க விடுங்க. ஒங்கள ஒன்னும் சொல்லல” என்றார் பாய். பிறகு என்னிடம் திரும்பினார். “அண்ணாச்சி, மோட்டார் வைக்கக் கூடாது, அது சட்டம், இது சட்டம்னு இத்தன வருசமா எங்களுக்குப் பாடம் எடுத்தீகளே. எங்க மோட்டாராவது சத்தம் போட்டுக்கிட்டு உறிஞ்சும். ஒங்க ஆப் சத்தமே இல்லாமல்ல உறிஞ்சிருக்கு! நான் வெலகிக்கிறேன்.”

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“எங்க அமுக்கணும்?” என்றார்.

அவருக்கு விலகத் தெரியவில்லை. தெருவில் யாருக்குமே தெரியாது, சேர்த்துவிட்டவன் நான். தெரியாது என்று நானும் சொல்லியிருக்கலாம். வெளியூரில் இருக்கும் அவர் மகன் வரும்வரை பாய் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார், பதினான்கு நாளும் முடிந்திருக்கும். அவர் போனை வாங்கினேன். நான்கு இடத்தில் தொட்டு, கடைசிப் பக்கத்தை எடுத்து, ‘விலகு’ என்று இருந்த இடத்தைக் காட்டினேன்.

“இதோ பாய். இந்த இடம். அமுக்கினால் பதினொன்று.”

பாய் அந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல் போனுக்கு மேலே நின்றது. என் மனைவி குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஏழு நாளுக்கு முன்னால் விலகுகிறேன் என்று குதித்தவள் அவள்தான்.

“செத்த பொறுங்க பாய்” என்றார் தேவதானத்தம்மா. “அண்ணாச்சி செஞ்சது கள்ளத்தனந்தான். ஆனா புதுசா ஒன்னும் செஞ்சிரல. எங்க ஊருல வயலுக்கு மொறத் தண்ணி உண்டு. ஒரு தடவ மேமடை மொதல்ல பாய்ச்சும், மறு தடவ கடைமடை மொதல்ல பாய்ச்சும். இல்லன்னா கடைமடைக்காரன் நெல்லுக் கருதக் கண்ணுல பாக்க முடியுமா? அங்க எல்லாருக்கும் சொல்லிட்டுச் செய்வாக. இவிய சொல்லாமச் செஞ்சுட்டாக. அம்புட்டுத்தான் தப்பு.”

“சொல்லிட்டுச் செஞ்சா?” என்றார் பாய்.

“போன்லயே வரட்டும். இன்னைக்கு மேவீட்டு மொற, இன்னைக்குக் கீவீட்டு மொறன்னு. நம்ம மொற வார வரைக்கும் மோட்டாரத் தொடக்கூடாது. நான் மொத வீடு, நானே சொல்லுதேன். எனக்குச் சம்மதம்.”

பாய் யோசித்தார். ஆறாவது வீடு மேலுமில்லை, கீழுமில்லை. எந்த முறை வந்தாலும் அவருக்குப் பெரிய நட்டம் கிடையாது. அதை அவரும் எண்ணியிருக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எடம் தெரிஞ்சுக்கிட்டேன் அண்ணாச்சி. இன்னொரு தடவ இருவது நிமிசம் ஆச்சு, அமுக்கிருவேன்.” பிறகு தேவதானத்தம்மாவைப் பார்த்தார். “எல்லாஞ் சரி. போன் இல்லாத அஞ்சு வீட்டுக்கு இன்னைக்கு யாரு மொறன்னு யார் சொல்றது?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அபராதம் அப்படி விழுந்தது. தண்ணீர் வரும் நாளெல்லாம், மூன்று, எட்டு, பத்து, பதின்மூன்று, பதினைந்து ஆகிய ஐந்து வீடுகளுக்கும் நான் நடந்து போய், வாசலில் நின்று, யார் முறை என்று சொல்ல வேண்டும். முறைக் கணக்கைச் செயலியில் ஏற்ற இரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தடவை ‘என்ன மாற்றம்?’ என்ற கட்டத்தில் ஏழு வரி எழுதினேன்.

பதினான்கு நாள் முடிந்தது. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். பதினைந்தாம் நாள் விண்ணப்பித்தேன். சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், அதனால் நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி. நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். இடம் போதவில்லை. கஞ்சியை எடுத்தேன், ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்தேன், பாயின் சர்க்கரை நோயை எடுத்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: ‘கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. நான் ரகசியமாக ஏமாற்றினேன். பிடித்துவிட்டார்கள். இப்போது முறை வைத்திருக்கிறோம்.’ இதைப் படித்துவிட்டு யார் அனுமதி தருவார்கள்? கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டேன். போனை ஒரு நாளைக்கு முப்பது தடவை எடுத்துப் பார்த்தேன். ஆறு நாள் ஒன்றும் வரவில்லை.

ஏழாம் நாள் காலை தண்ணீர் வந்தது. கீழ்வீட்டு முறை. மனைவி குழிக்குள் இறங்கிவிட்டாள். தேவதானத்தம்மா சொன்னபடி மோட்டாரைத் தொடவில்லை. வேறு இரண்டு வீட்டில் தொட்டார்கள், சத்தம் கேட்டது. யாரென்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். நான் மூன்றாம் வீட்டிலும் எட்டாம் வீட்டிலும் சொல்லிவிட்டுப் பத்தாம் வீட்டு வாசலில் நின்றேன். அங்கிருக்கும் பெரியவருக்குக் காது மந்தம்.

“தண்ணி வந்துருச்சு! கீழ்வீட்டு முறை!”

“யாரு வந்துருக்கா?”

“தண்ணி! தண்ணி!”

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். என் செயலி வெளியிடப்பட்டுவிட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன; அவற்றையும் படித்தேன். நடுத்தெருவில் நின்றுகொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

தெருக்கோடியில் குழிக்கு மேலே மனைவியின் தலை தெரிந்தது.

“ஏங்க! ஒம்பது கொடம் நெறஞ்சு நிக்கி, தூக்க ஆளில்ல. நடுரோட்டுல நின்னு என்னத்த பாக்கீக? பதினஞ்சாம் வீட்டுக்குச் சொல்லியாச்சா?”

சொல்லவில்லை. பதின்மூன்றும் பாக்கி இருந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.